வளைந்த கால்விரல்: பெயர் தேடும் முன் கையால் நிமிர்த்திப் பாருங்கள்

கால்விரல் வளைந்திருக்கிறது என்று தெரிந்ததும் பலரும் அதற்கு என்ன பெயர் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். ஹேமர் டோ, கிளா டோ, மேலட் டோ என்று மூன்று பெயர்களும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத முப்பது படங்களும் கிடைக்கும். பெயர் அவசியம்தான். ஆனால் எந்தச் சிகிச்சை பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பெயர் சொல்லாது. வளைந்த விரலைக் கையால் நேராக்கினால் அது நேராகிறதா என்பதுதான் சொல்லும்.

செய்து பார்ப்பது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மற்ற தொடைமேல் வையுங்கள். கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்துங்கள். பாதம் தொங்கிக் கிடந்தால் சோதனை ஏமாற்றிவிடும். வளைந்த விரலுக்கு நேர் கீழே, உள்ளங்காலின் முன்மேட்டில், கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்துங்கள். நிற்கும்போது தரை கொடுக்கும் அழுத்தத்தைத்தான் இப்போது உங்கள் கை கொடுக்கிறது. விரல் தானாக இறங்கி நேராகிவிட்டால் அது இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது. பாதி நேராகி நின்றுவிட்டால் இறுகத் தொடங்கிவிட்டது. கொஞ்சமும் அசையவில்லை என்றால் மூட்டே அந்த வளைவில் உறைந்துவிட்டது.

இளகிய விரலுக்குக் காலணி, டேப், பயிற்சி எல்லாம் பயன்படும். உறைந்துபோன விரலை இவை எதுவும் நேராக்காது; உரசலையும் வலியையும் குறைக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் உறைந்த விரலுக்கு மாதக்கணக்கில் சிலிக்கான் உறை மாட்டிக்கொண்டு நேராகும் என்று காத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், எளிதில் சரிசெய்யக்கூடிய விரலை வலி இல்லையே என்று விட்டு, இறுகிய பிறகு வருகிறார்கள்.

விரல் ஏன் வளைகிறது

பெருவிரலில் இரண்டு எலும்புகள். மற்ற நான்கு விரல்களிலும் மும்மூன்று. சுண்டுவிரலில் கடைசி இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பது நிறையப் பேருக்கு உண்டு, அது குறையல்ல. ஆக, சிறு விரல் ஒவ்வொன்றிலும் மூன்று மூட்டுகள்: பாதத்தோடு சேரும் அடிமூட்டு, நடுமூட்டு, நகத்தை ஒட்டிய நுனிமூட்டு.

இந்த மூன்றையும் இரண்டு கூட்டத்தார் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூட்டம் முழங்காலுக்குக் கீழிருந்து வரும் நீளமான தசைநாண்கள். மேல்பக்க நாண் விரலைத் தூக்கும். கீழ்பக்க நாண் நுனிவரை போய் விரலை மடக்கும். இன்னொரு கூட்டம் பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னஞ்சிறு தசைகள். அடிமூட்டைக் கீழே இறக்கி, மற்ற இரண்டு மூட்டுகளையும் நேராக வைத்திருப்பது இவற்றின் வேலை. இந்தச் சிறு தசைகள் தளர்ந்தால் நீள நாண்களின் கை ஓங்கிவிடும். மேல்நாண் அடிமூட்டைத் தூக்கும், கீழ்நாண் மற்ற மூட்டுகளைச் சுருட்டும். பறவையின் கால் போன்ற வளைவு இப்படித்தான் உருவாகிறது.

சிறு தசைகள் தளர்வதற்கு நீரிழிவால் வரும் நரம்புச் சேதம் ஒரு பெரிய காரணம். முதுகுத்தண்டுக் கோளாறு, பக்கவாதம், பரம்பரை நரம்பு நோய்கள் ஆகியவையும் உண்டு. ஆனால் நரம்பில் எந்தக் குறையும் இல்லாமலேயே விரல் வளையும். நீளம் போதாத ஷூவுக்குள் நீளமான இரண்டாம் விரல் முன்சுவரில் முட்டி, இடம் இல்லாமல் நடுமூட்டில் மடங்கிக்கொள்கிறது. அப்படியே பல வருடம் இருந்தால் மூட்டின் கீழ்ப்பக்கத்துத் திசுக்கள் சுருங்கிவிடுகின்றன. ஷூவைக் கழற்றினாலும் நேராவதில்லை. ஹேமர் டோ இரண்டாம் விரலில்தான் மிக அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பலரும் யோசிக்காத இன்னொரு காரணம் கெண்டைக்கால் தசையின் இறுக்கம். அது இறுகியிருந்தால் நடக்கும்போது பாதத்தைத் தரையிலிருந்து தூக்குவது கடினம். உடல் அதற்கு விரல் தூக்கும் நாண்களைத் துணைக்கு அழைக்கிறது. ஒவ்வொரு அடியிலும் விரல்கள் மேலே இழுபடுகின்றன. இப்படிப்பட்டவர் நடக்கும்போது கால் காற்றில் இருக்கும் நொடியில் பாருங்கள்: விரல்களின் வேர்ப்பகுதி தூக்கிக்கொண்டு, புறங்காலில் நாண்கள் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். இவருக்கு விரலை மட்டும் கவனித்துப் பயனில்லை. கெண்டைக்காலை நீட்டிவிட வேண்டும்.

மூன்று பெயர்களுக்கும் உள்ள வித்தியாசம்

நடுமூட்டு கீழே மடங்கி, நுனிமூட்டு நேராகவோ சற்று மேல்நோக்கியோ இருந்தால் ஹேமர் டோ. அடிமூட்டு நன்றாக மேலே தூக்கி, நடுமூட்டும் நுனிமூட்டும் இரண்டுமே மடங்கியிருந்தால் கிளா டோ; இது பெரும்பாலும் பல விரல்களில் ஒன்றாக வரும், நரம்புக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். நுனிமூட்டு மட்டும் தலைகவிழ்ந்திருந்தால் மேலட் டோ.

இதைவிட எளிதாகத் தோலே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹேமர் டோவில் நடுமூட்டின் மேல், ஷூ உரசும் இடத்தில், கால் ஆணி வரும். மேலட் டோவில் நகத்துக்குக் கீழே, விரல் நுனியில், தரையில் குத்தும் இடத்தில் வரும். கிளா டோவில் இவை இரண்டோடு, உள்ளங்கால் முன்மேட்டில் காய்ப்பும் சேரும். தூக்கிய விரல், பாத எலும்பின் தலையைக் கீழே அழுத்துவதுதான் அதற்குக் காரணம். உள்ளங்காலில் கூழாங்கல்லை மிதிப்பது போல இருக்கிறது என்று சொல்பவர்களுக்குப் பல நேரம் இதுதான் நடந்திருக்கும். அதனால் ஆணியை மட்டும் சீவி எடுத்துவிட்டு அழுத்தத்தை அப்படியே விட்டால், சில வாரங்களில் அதே இடத்தில் அது திரும்ப முளைக்கும். வேர் விட்டு வளர்கிறது என்பது தவறான நம்பிக்கை. ஆணிக்கு வேர் கிடையாது. அடியில் இருப்பது அழுத்தம்.

ஆணியை வீட்டில் கவனிப்பதென்றால், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துடைத்து, யூரியா கலந்த கிரீம் தடவுங்கள். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயலாதீர்கள். வாரம் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். பிளேடு வேண்டவே வேண்டாம். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் வெண்மையாக, ஈரமாக, மெத்தென்று வருவதும் ஆணிதான். அதைச் சேற்றுப்புண் என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு பூசுவது வழக்கமான தவறு. அங்கே கிரீம் தடவாமல், ஈரத்தைத் துடைத்து, இடையில் மெல்லிய நுரைப்பஞ்சு வைத்து விரல்களைப் பிரித்து வையுங்கள்.

கடையில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்டர்களில் பெரும்பாலும் 40 சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. நீரிழிவு உள்ளவர்களும் கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் இதை ஒட்டவே கூடாது. அமிலம் தோலை அரித்துப் புண்ணாக்கும். உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியவே தெரியாது.

ஷூவை அளந்து பாருங்கள்

எந்தச் சிகிச்சையையும்விட முதலில் செய்ய வேண்டியது இது, அதிகம் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். இன்னொருவர் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். பேனா உள்பக்கம் சாய்ந்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். மாலையில் செய்வது நல்லது, அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். பிறகு ஷூவின் உள்தகட்டை உருவி, வரைந்த தாளின்மேல் வையுங்கள். தகட்டுக்கு வெளியே கோடு எங்கெல்லாம் தெரிகிறதோ, அங்கெல்லாம் உங்கள் பாதம் தினமும் நசுங்குகிறது. பலருக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வெளியே தெரியும். இந்த ஒரு தாள், எத்தனை விளக்கங்களாலும் புரியாததைப் புரியவைத்துவிடும்.

மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். மிக நீளமானது பெருவிரல்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். அகலத்தோடு உயரமும் முக்கியம். ஹேமர் டோவுக்கு அகலமான ஷூ வாங்கியும் வலி குறையாததற்குக் காரணம், மேல்கூரை தாழ்வாக இருப்பது. மேல்பகுதி நீண்டு கொடுக்கும் துணியாகவோ மெல்லிய தோலாகவோ இருக்கட்டும், மூட்டுக்கு மேலே தையல் ஓடக்கூடாது. குதி உயரம் 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எடை முன்னால் சரிந்து விரல்கள் மூக்குப்பகுதியில் நெருக்கப்படும்.

பெரிதாக வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. தளர்வான ஷூவில் பாதம் முன்னும் பின்னும் சறுக்கும்; அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் கொக்கி போட்டுக்கொள்ளும். பின்பட்டை இல்லாத செருப்பிலும் இதுதான் நடக்கிறது. நடுப்பாதத்தைக் கயிறோ பட்டையோ இறுகப் பிடித்திருக்க வேண்டும், விரல்கள் அவிழ்ந்து கிடக்க வேண்டும். சரியான காலணியின் அடையாளம் இதுதான்.

டேப், பஞ்சு, தகடு

இளகிய ஹேமர் டோவுக்கு டேப் போடுவது நல்ல வழி, சரியாகப் போட்டால். ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலமுள்ள, தோலுக்கு ஒத்துக்கொள்ளும் டேப்பில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். விரலைக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள். டேப்பின் நடுப்பகுதியை விரலின் மேல், வேர்ப்பகுதியில் வையுங்கள். வளைந்து நிற்கும் நடுமூட்டின் மேல் வைத்து அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அப்படி வைத்தால் நுனி இன்னும் மடங்கும். இறங்க வேண்டியது விரலின் வேர். இரண்டு முனைகளையும் விரலின் இரு பக்கமாக இறக்கி, விரலிடுக்குகளின் வழியே உள்ளங்காலுக்குக் கொண்டுவந்து, எக்ஸ் போலக் குறுக்கே ஒட்டுங்கள். ஒட்டும்போது விரல் பக்கத்து விரல்களின் மட்டத்துக்கு இறங்கினால் போதும், அதற்கும் கீழே இழுக்காதீர்கள். முடித்ததும் நகத்தை அழுத்தி விடுங்கள்: வெளுத்த நகம் இரண்டு மூன்று நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால், அல்லது மரத்துப்போனால், கழற்றிவிட்டுத் தளர்த்தி ஒட்டுங்கள். தினமும் புது டேப் போட்டு, தோல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு டேப் வேண்டாம்.

உள்ளங்கால் முன்மேட்டு வலிக்கு மெட்டாடார்சல் பேட் என்ற சிறு மேட்டுப் பஞ்சு நன்றாக உதவும். ஆனால் அதைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு, பயனில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைக்கக்கூடாது; அதற்குச் சற்றுப் பின்னால், குதிகாலை நோக்கிய பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் பேட் எலும்பின் கழுத்தைத் தாங்கி, தலைமேல் இருக்கும் சுமையைக் குறைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி, காலுறை இல்லாமல் ஷூவுக்குள் கால் விட்டு ஒரு தடவை அழுந்த நின்று எடுங்கள். உள்தகட்டில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். பேட்டின் முன்விளிம்பு அந்தப் பொட்டைத் தொட்டும் தொடாமலும் பின்னால் நிற்கும்படி ஒட்டுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டு, பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

விரல் நுனி தரையில் குத்துகிறவர்களுக்கு விரல்களுக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் திண்டு உண்டு. அது நுனியைத் தூக்கிப் பிடிக்கும். எளிய பொருள், நல்ல பலன்.

பயிற்சிகளில் ஒரு எச்சரிக்கை

தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்வார்கள். வளைந்த விரலுக்கு அது அவ்வளவு பொருத்தமானதல்ல என்பது என் கருத்து. துண்டைச் சுருட்டும்போது முதலில் வேலை செய்வது விரலை மடக்கும் நீள நாண். அதுதான் ஏற்கெனவே ஓங்கியிருக்கிறது. வலுவூட்ட வேண்டியது பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகளை. அதற்கு விரல்கள் நேராக இருந்தபடியே அடிமூட்டு மட்டும் கீழே அழுந்த வேண்டும். உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, விரல்களைச் சுருட்டாமல், விரல் வயிற்றால் தரையை அழுத்திக்கொண்டே முன்மேட்டைக் குதிகாலை நோக்கி இழுங்கள். பாதத்தின் உள்வளைவு சற்று உயரும். ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து தடவை. முதல் வாரம் எதுவும் அசையாதது போலத்தான் இருக்கும். விரல் நகம் வெளுத்து நுனி மடங்கினால் தவறான தசையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

இதோடு விரல்களை விசிறி போல விரிப்பதும், கையால் நடுமூட்டை நேராக்கி இருபது முப்பது நொடி பிடிப்பதும் சேரட்டும். கெண்டைக்கால் இறுக்கத்துக்குச் சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்காலை மடக்காமல், குதியைத் தரையில் அழுத்தி 30 நொடி, மூன்று தடவை, தினமும். குதி சற்றே தூக்கினாலும் நீட்சி கிடைக்காது.

பெருவிரல்: புடைப்பா, இறுக்கமா, யூரிக் அமிலமா

பெருவிரல் மூட்டில் வலி என்றால் மூன்று வேறு விஷயங்கள் ஒரே பெயரில் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அடிமூட்டு உள்பக்கம் புடைத்து நிற்பது. மருத்துவர் சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று இருக்கும். புடைப்பைப் பார்த்து, எலும்பு வளர்ந்துவிட்டது, சீவிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். புதிதாக வளர்ந்தது பெரும்பாலும் எதுவுமில்லை. பெருவிரலைத் தாங்கும் பாத எலும்பு உள்பக்கம் விலகியிருக்கிறது, விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேரும் முனைதான் புடைப்பாகத் தெரிகிறது. அதனால்தான் புடைப்பை மட்டும் சீவினால் சாய்வு அப்படியே இருக்கும், திரும்ப வரும். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கூர்முனை ஷூ அதைத் துரிதப்படுத்துகிறது.

அளவைக் கோணத்தில் சொல்வார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு; 20 வரை லேசானது, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. படுத்தபடி எடுத்த படம் சாய்வைக் குறைத்துக் காட்டும். அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவெடுக்கக்கூடாது. விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் பிரிப்பானும் இரவில் கட்டும் ஸ்பிளின்ட்டும் போட்டிருக்கும் நேரத்தில் இதமாக இருக்கும். வளர்ந்தவர்களின் எலும்பை அவை நிரந்தரமாகத் திருப்புவதில்லை. விளம்பரத்தில் வரும் முன்-பின் படங்களை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். அகலமான ஷூ, புடைப்பின் மேல் மெத்தை, வலி மிகும்போது ஐஸ் ஒத்தடம் ஆகியவற்றாலேயே நிறையப் பேர் அறுவை இல்லாமல் நிம்மதியாக நடக்கிறார்கள்.

இரண்டாவது, விரல் சாயாமல் நேராகவே இருக்கும், ஆனால் மேலே மடங்காது. புடைப்பு மூட்டின் மேல்பக்கம் இருக்கும். இது மூட்டுத் தேய்மானம், பெயர் ஹாலக்ஸ் ரிஜிடஸ். இயல்பான பெருவிரல் 65 முதல் 75 பாகை வரை மேல்நோக்கி மடங்கும். இவர்களுக்கு அதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு அடியிலும் குதி தூக்கும் நொடியில் வலி. இங்கே யோசனை தலைகீழாகிறது: வளையும் ஷூ கெடுதல், வளையாத அடித்தகடு நல்லது. முன்பகுதி படகுபோல மேல்நோக்கி வளைந்த ராக்கர் சோல் இருந்தால், மூட்டு மடங்காமலேயே பாதம் உருண்டு போய்விடும்.

மூன்றாவது, நேற்று வரை ஒன்றுமில்லை, இரவோடு இரவாக மூட்டு சிவந்து, சுட்டு, போர்வை படுவதைக்கூடத் தாங்க முடியவில்லை என்றால், அது யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கௌட் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய புடைப்புதான் வலிக்கிறது என்று ஷூவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

சுண்டுவிரல் மூட்டின் வெளிப்பக்கமும் இதேபோல் புடைக்கும். அதற்கு அகலமான ஷூ பெரும்பாலும் போதும்.

இரண்டாம் விரல் ஏறிக்கொண்டால்

இரண்டாம் விரலின் அடியில் பல மாதமாக வலி, லேசான வீக்கம், பிறகு விரல் மெல்லப் பெருவிரலை நோக்கி நகர்ந்து, இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவே வி போல இடைவெளி விழுகிறது. கடைசியில் பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அடிமூட்டின் கீழே விரலைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த திசுத்தகடு கிழிவதால் வருவது இது. நரம்பு வலி என்று நினைத்து இதற்குத் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டால் தகடு இன்னும் நைந்து, விரல் சீக்கிரமே ஏறிவிடும். வி வடிவ இடைவெளி தெரியத் தொடங்கும்போதே மேலே சொன்ன டேப்பைப் பல வாரங்கள் விடாமல் போட்டு, விறைப்பான அடித்தகடு உள்ள ஷூ அணிந்தால் வலி அடங்குவதற்கும் விரல் நகராமல் நிற்பதற்கும் நல்ல வாய்ப்பு உண்டு.

குழந்தைகளுக்கு

மூன்றாம், நான்காம், ஐந்தாம் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, பக்கத்து விரலுக்கடியில் புகுந்திருப்பது குழந்தைகளிடம் சாதாரணம். வலி இருக்காது, ஓடுவதில் குறை இருக்காது, பல பெற்றோருக்குத் தங்கள் காலிலும் அதேதான் இருக்கும். வளர வளரச் சில தானாக நேராகும். டேப் போட்டுக் குழந்தையைப் படுத்த வேண்டாம், அதனால் மாறுவது மிகக் குறைவு. நகம் அழுந்திப் புண்ணானாலோ, ஷூ போட மறுத்தாலோ, நடக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து மடக்கும் நாணைச் சிறு அறுவையில் விடுவிப்பார்கள்.

அலட்சியம் செய்யக்கூடாதது வேறு: பள்ளி வயதில் பாத வளைவு வருடத்துக்கு வருடம் உயர்ந்து, விரல்கள் சுருண்டு, அடிக்கடி கால் பிசகி விழுந்தால், அது நரம்பு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் புதிதாக வந்தால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் விரல்

இவர்களுக்கு வளைந்த விரல் வேறு வகை ஆபத்து. ஆணி வலிக்காது, அதுதான் சிக்கல். வலிக்காத ஆணிக்கு அடியில் ரத்தம் கட்டி, பிறகு புண்ணாகி, எலும்புவரை போகும். ஆணிக்குள் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அடியில் புண் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. தொடுவது தெரியவில்லை என்றால், காயத்திலிருந்து பாதத்தைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் காலை விடக்கூடாது.

விரல் நுனியில் புண் வந்து, விரல் இளகியதாக இருந்தால், மடக்கும் நாணை ஊசிமுனையால் அறுத்துவிடும் சிறு சிகிச்சை உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும், தையல்கூட வேண்டியிருக்காது. விரல் நேரானதும் நுனி தரையில் குத்துவது நிற்கிறது, புண் ஆறுகிறது. மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் மருத்துவர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். விரல் முழுதும் உருண்டு, சிவந்து, வீங்கினால் எலும்பில் தொற்று ஏறியிருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

அழகுக்காக மட்டும் அறுவை செய்துகொள்ள வேண்டாம். வலி இருக்க வேண்டும், சரியான ஷூ மாற்றியும் அது குறையாமல் இருக்க வேண்டும். கணுக்காலில் நாடித்துடிப்பு சரியாக இல்லாதவர்கள் முதலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். புகைப்பவர்களுக்கு வெட்டிய எலும்பு சேர்வது தாமதமாகும்.

விரல் இளகியதா, உறைந்ததா என்ற கேள்வி இங்கேயும் வருகிறது. இளகிய விரலுக்கு எலும்பைத் தொடாமல் நாணை விடுவித்தோ, கீழிருக்கும் நாணை மேலே மாற்றிக் கட்டியோ சரிசெய்வார்கள். உறைந்த விரலில் நடுமூட்டின் எலும்புத் தலையை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது இரண்டு எலும்புகளையும் நேராக வைத்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அது சேரும்வரை நுனியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி செருகி, 4 முதல் 6 வாரம் வைத்திருப்பார்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நனைக்கக்கூடாது, எதிலும் இடிக்கக்கூடாது. பிறகு மருத்துவர் உருவும்போது பெரும்பாலோருக்கு வலி மிகக் குறைவு.

அறுவை முடிந்ததும் விரல் வெளுத்தே இருந்தால் உடனே சொல்லுங்கள். நீண்ட நாள் வளைந்திருந்த விரலைச் சட்டென நேராக்கும்போது ரத்தக்குழாய் இழுபட்டு ஓட்டம் தடைப்படலாம். காலைத் தாழ்த்தி, கட்டைத் தளர்த்தி, தேவைப்பட்டால் கம்பியையே எடுத்துவிடுவார்கள். விரல் தரையில் படாமல் சற்றுத் தூக்கியே நின்றுவிடுவது இன்னொரு பின்விளைவு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒப்புதல் கொடுங்கள்.

பெருவிரல் சாய்வுக்குப் பாத எலும்பை வெட்டி நகர்த்தித் திருகாணியால் பொருத்துவார்கள். சாய்வு லேசானால் விரல் பக்கத்து முனையில் வெட்டு, கடுமையானால் எலும்பின் பின்முனை மூட்டையே சேர்ப்பது. முதல் இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்திருக்க வேண்டும். இதில் ஏமாற்றினால் வீக்கத்தில் தையல் பிரியும். ஏறக்குறைய ஆறு வாரம் அடித்தகடு விறைப்பான தனி ஷூவில் குதியை ஊன்றி நடப்பது. வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். அதனால் புது ஷூவை மூன்றாம் மாதத்திலேயே வாங்கிவிடாதீர்கள். வீக்கம் வடிந்த பிறகு, மறுபடியும் தாள் விரித்து, நின்று, அளந்து வாங்குங்கள்.